டோக்கன் எட்டு

மூன்றாம் நம்பர் எட்டு போடும்போது காலை ஊன்றிவிட்டார். ஐயோ பாவம் என்று வாய் சொல்கிறது, மனசுக்குள் ஒரு மூலை மட்டும் குளுகுளு என்றிருக்கிறது, உலகத்திலேயே காலை ஊன்றுகிறவள் நான் ஒருத்திதான் என்று இருந்தது போய்த் துணைக்கு ஆள் கிடைத்துவிட்டதே. இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. அடுத்தவர் தோற்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால் அந்தச் சக்தி சுற்றிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கே வரும் என்று மிருதுளா மேடம் சொல்லியிருக்கிறார். வரட்டும், வாசலில் காற்று மணி கட்டியிருக்கிறேன், அது பார்த்துக்கொள்ளும். மணி பத்து இருபது. இந்த ஆர்.டி.ஓ. மைதானத்தில் இருப்பது ஒரே வேப்பமரம், அதன் நிழலில் பதினாலு பேர் வண்டியோடு நெருக்கியடித்து நிற்கிறோம், எனக்கு முதுகு நிழலிலும் முகம் வெயிலிலும். ஹெல்மெட்டுக்குள் வேர்த்து ஒரு சொட்டு காதுக்குப் பின்னால் இறங்கி ஜாக்கெட்டுக்குள் போகிறது. சொறிய முடியவில்லை, சொறிந்தால் ஹேண்டில்பாரை விட வேண்டும், விட்டால் ஸ்கூட்டர் சாயும், சாய்ந்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். போன தடவையே மறுபடியுமா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். இது மூன்றாவது தடவை. பேர் கோகிலவாணி, வயது நாற்பத்தாறு, ஈரோட்டில் பாதிப் பேருடைய கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தவள், தொண்ணூறு வயசுக் கிழவர் கையிலும் நரம்பைக் கண்டுபிடிக்கிறவள், அப்பேர்ப்பட்டவள் இந்த எட்டுக்குள் நுழைந்து இரண்டு தடவையும் பாதியில் காலை ஊன்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். இன்றைக்கும் ஊன்றினால் அவ்வளவுதான். மறு டெஸ்ட்டுக்கு ஏழு நாள் ஆகும், புது லேப்காரர்கள் எனக்கென்று வைத்திருக்கும் வேலை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான், அதற்குள் பாஸ் ஆகவில்லை என்றால் பவானியிலிருந்து ஒரு பெண் தயாராக இருக்கிறாளாம், அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம். இன்றைக்குப் புதன்.

நாலாம் நம்பர் காலேஜ் பெண், ஒரு கையால் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டே எட்டு போட்டுவிட்டுப் போகிறது, கண்ணு பட்டுவிடும். அந்த வயசில் எனக்குச் சைக்கிள்கூடத் தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். லேபுக்கும் வீட்டுக்கும் ஒரே பஸ், கண்டக்டருக்கு என் ஸ்டாப் தெரியும், எனக்கு அவருடைய சர்க்கரை தெரியும், இதற்குமேல் என்ன வேண்டும். பத்தொன்பது வருஷம் அப்படியே போயிற்று. பிறகு லேபை நடத்திவந்த டாக்டர், தன் மகனோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி அதை மூடினார். யாரையும் குறை சொல்ல வழியில்லை, அவரும் கண் கலங்கித்தான் மூடினார், எனக்கு ஒரு சால்வை போட்டார். மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து குளித்துப் புடவை கட்டி டப்பாவில் சோறு போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டேன். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் என்னையே பார்க்கிறார், அப்போதுதான் உறைத்தது. ஏறவில்லை. இதை என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவிடம்கூட நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் படுத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, சும்மா இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் நாற்பது பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்த காலம் போய், மூன்று மாதம் ஒருத்தர் கையும் என் பக்கம் நீளவில்லை. வெறும் வீட்டில் மிக்சியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் நாத்தனார் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் என்னைச் சேர்த்துவிட்டாள், பேர் ‘மீண்டும் உதயம்’.

மிருதுளா மேடம் அதை நடத்துகிறவர். லைஃப் கோச், கூடவே ஃபெங் சுய், அதாவது சீனாக்காரர் வாஸ்து. முன்னே துணிக்கடை போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவராம், அதை மறைக்காமல் சொல்வார், அதனாலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. முதல் நாள் காலை ஆறு மணிக்கு வீடியோவில் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, இப்போது என்ன உணர்கிறீர்கள், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். ஒருத்தி அமைதி என்றாள், ஒருத்தி நன்றி என்றாள், எனக்கு வாயில் பசி என்று வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பசி நல்லது கோகிலா, பசி இருக்கிறவங்களுக்குத்தான் உயிர் இருக்குது என்றார். போனைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டச் சொன்னார். வேலைக்கு உண்டான திசை வடக்கு, அங்கே தண்ணீர் இருக்க வேண்டும் என்றார். எங்கள் வீட்டு வடக்கில் பாத்ரூம், குழாய் ராப்பகலாக ஒழுகிக்கொண்டிருந்தது, இதைவிட என்ன தண்ணீர் வேண்டும் என்று பெருமையாகக் காட்டினேன். ஐயையோ, வாய்ப்பெல்லாம் வடிகிறது என்றார். ஒன்றரை வருஷமாக நான் கத்தியும் அசையாத நாச்சிமுத்து, சீனாக்காரன் சொன்னான் என்றதும் அன்று சாயங்காலமே பிளம்பரைக் கூட்டிவந்தார். கட்டிலுக்கு அடியில் கிடந்ததெல்லாம் வெளியே போயிற்று. சிரிக்கும் புத்தரை நாமே வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத் தந்தால்தான் பலிக்கும் என்பதால் நானே கடையைக் காட்டி, நானே பொம்மையைக் காட்டி, நாச்சிமுத்து கையால் வாங்கித் தரச் செய்தேன். இந்தாளு எதுக்கு இப்படிச் சிரிக்கறாரு என்று தறிக்குப் போகும்போதெல்லாம் கேட்பார். பார்க்கப் போனால் இரண்டு பேருக்கும் ஒரே தொப்பை. பலித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் குழாய் ஒழுகுவது நின்ற வாரம்தான் நான் மறுபடியும் தலைக்குக் குளித்துப் பூ வைத்தேன். அதற்கு அடுத்த வாரம் புது லேபிலிருந்து போன் வந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும், முதியவர்கள் அதிகம், கை பழகின ஆள் வேண்டும். எல்லாம் சரி என்றேன். வண்டி லைசென்ஸ் இருக்குதுங்களா என்றார்கள். வாங்கிடறேனுங்க என்று என் வாய் சொன்னது. வாய்க்கு என்ன, காலையா ஊன்ற வேண்டும்.

ஐந்தாம் நம்பர் வண்டி கிளம்பாமல் நிற்கிறது, உதைக்கிறார், உதைக்கிறார். நன்றாக உதையுங்கள், எனக்கு அவசரமில்லை. முதல் டெஸ்ட்டிலும் ஊன்றி, இரண்டாவதிலும் ஊன்றி, அழுதுகொண்டே மேடத்துக்குப் போன் போட்டபோது அவர் என் பிறந்த தேதியைக் கேட்டார். அதைச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. இருபத்தாறு. இரண்டும் ஆறும் எட்டு. எட்டு என்றால் சனி, தொட்டது துலங்காது, எங்கள் வீட்டில் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லக்கூட மாட்டார்கள், ஏழுக்கு அப்புறம் ஒம்பது என்று எண்ணுவார் என் அப்பா. பள்ளிக்கூடத்தில் எனக்கு எட்டாவது வரிசை எண் வந்ததற்கு ஹெட்மாஸ்டர் வரைக்கும் போய் மாற்றிவிட்டு வந்தவர். கல்யாணம் பேசும்போது இருபத்தேழு என்று ஒரு நாளைத் தள்ளிச் சொல்லிவிட்டார்கள். பத்து வருஷம் அந்தப் பொய்யை வயிற்றில் கட்டிக்கொண்டு இருந்துவிட்டு ஒரு நாள் மனசு கேட்காமல் நாச்சிமுத்துவிடம் உண்மையைச் சொன்னேன். அவர், எனக்கு மட்டும் என்ன, நான் பதினேழு, எங்கம்மா பதினெட்டுன்னு சொல்லிருச்சு என்றார். ஒன்றும் ஏழும் எட்டு. இரண்டு எட்டுகள் ஒன்றுக்கொன்று தெரியாமல் பத்து வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம், அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கதவைத் தட்டினார்கள். சிரித்தாலும் பயம் போகவில்லை. லேப் மூடினபோது நான் முதலில் நினைத்தது அந்த எண்ணைத்தான், டாக்டரை இல்லை. மேடத்திடம் இதைச் சொன்னதும் அவர் கத்தியே விட்டார், எட்டா, சீனாவில் எட்டுக்கு உயிரை விடுவாங்க கோகிலா, அதைவிட ராசியான நம்பரே கிடையாது என்றார். நாற்பத்தாறு வருஷம் நான் தலையில் சுமந்தது அங்கே மகாலட்சுமியாம். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எதுவும் மாறவில்லை, அதே இருபத்தாறு, கடலைத் தாண்டினால் ராசி என்றால் என் அப்பா ஹெட்மாஸ்டரிடம் கெஞ்சினதெல்லாம் எதற்கு. பிறகு மெதுவாகச் சந்தோஷம் வந்தது, வேண்டாம் என்று தூக்கிப்போட்ட புடவை மடிப்புக்குள் நூறு ரூபாய்த் தாள் இருந்தது மாதிரி.

வாசலில் சிவப்புக் கோலப்பொடியால் எட்டு வரையுங்கள், இருபத்தொரு நாள், காலையில் முதல் வேலை அது என்றார் மேடம். சரி, வரைவதுதான் வரைகிறோம், அதன்மேலேயே வண்டியை ஓட்டிப் பழகினால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நான் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் வீதி தள்ளுவண்டி ஒன்று வந்தாலே அடைத்துக்கொள்ளும் வீதி. எதிர்வீட்டு வாசல்வரைக்கும் போகாமல், சாக்கடையைத் தொடாமல், அடக்கமாக ஒரு எட்டு வரைந்தேன், சிக்குக் கோலத்தில் கை பழகினவள் ஆச்சே, கோடு பிசிறில்லாமல் வந்தது. நாச்சிமுத்து பின்னால் பிடித்துக்கொள்வார், நான் நுழைவேன், அரை வளைவில் கால் தரைக்குப் போய்விடும். இருபத்தொரு நாளில் ஒரு நாள்கூட முழுசாகப் போட்டதில்லை. எதிர்வீட்டுப் பாப்பாத்தியக்கா நாலு நாள் பார்த்துவிட்டு, விடிகாலையில் சிவப்பில் என்னமோ எழுதிப் புருஷனும் பொண்டாட்டியும் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள், இது செய்வினையேதான் என்று அவள் வாசலில் மஞ்சள் தண்ணி தெளித்து எலுமிச்சம்பழம் வைத்துவிட்டாள். அதில் ஒரு நாள் டயர் ஏறி வழுக்கிவிட்டது. ராத்திரி படுக்கும் முன் நோட்டில், நான் எட்டு போட்டுவிட்டேன் என்று நடந்துமுடிந்த மாதிரி எட்டு தடவை எழுத வேண்டும். காலையில் ஊன்றிவிட்டு இரவில் அப்படி எழுதும்போது பொய்க்கணக்கு எழுதுகிறவள் மாதிரி கை கூசும். கூசக் கூச எழுதினேன். இன்றைக்கு வந்திருப்பதும் அந்தக் கூச்சத்தோடுதான், ஒரு தடவைகூட முடிக்காத ஒன்றை முடித்துக்காட்ட வந்திருக்கிறேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

முன்னால் நிற்கிறவர் திரும்பித் திரும்பி என் கையைப் பார்க்கிறார். ஐம்பது வயசு இருக்கும், மஞ்சள் மண்டிக்காரர், நகத்திலும் சட்டைக் கையிலும் மஞ்சள். முப்பது வருஷமாக லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுகிறாராம், மகள் திட்டித் திட்டி அனுப்பியிருக்கிறாள் என்று வந்ததும் சொன்னார். என் கையில் இருப்பது டோக்கன் அட்டை, ஒன்பது. அவர் தன் அட்டையைக் கவிழ்த்துப் பிடித்திருக்கிறார்.

“ஏனுங்க்கா, உங்களுது ஒம்பதுங்களா? எனக்கு இந்த நம்பர் வந்துருச்சுங்க. மாத்திக்கறீங்களா?”

அட்டையைத் திருப்பிக் காட்டினார். எட்டு. அந்த எண்ணைத் தொட்ட விரலைக்கூட வேட்டியில் துடைத்துக்கொள்கிறார். போன மாசமாக இருந்தால் நானும் இப்படித்தான் யாரிடமாவது கெஞ்சியிருப்பேன், முதல் டெஸ்ட்டில் பதினேழு வந்ததற்குக் கெஞ்சினேனே.

“எட்டுக்குப் பயந்துட்டு எட்டுப் போட வந்திருக்கீங்களே” என்றேன்.

“அதத்தானுங்க்கா நேத்தெல்லாம் நெனச்சுட்டே இருந்தேன்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மாற்றிக்கொண்டேன். கும்பிடு போட்டுவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றார், மூச்சு விடுவது இங்கே கேட்கிறது, ஏதோ கடன் தீர்ந்த மாதிரி. ராசியான நம்பர் தானாக வந்து சேர்ந்திருக்கிறது, மேடத்திடம் சொன்னால் துள்ளிக் குதிப்பார். எனக்கு என்னமோ ஒரு ஆள் முன்னால் வந்துவிட்டேன் என்பதுதான் முதலில் தெரிந்தது. ஐந்தாம் நம்பர் ஒருவழியாகக் கிளம்பிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஆறாம் நம்பர் உள்ளே போகிறது. கண்ணை மூடிக்கொள்ளலாமா. மூடக் கூடாது, பயப்படுவதைக் கண்ணைத் திறந்து பாருங்கள் என்பதும் மேடம் பாடம்தான், சரி, பார்த்துத் தொலைக்கிறேன். தரையில் வெள்ளைப் பெயிண்டில் போட்ட எட்டு. ஆறாம் நம்பர் ஒரு பெரிய மோட்டார் பைக், பெட்ரோல் டாங்கில் ஆள் படுக்கலாம், அது வளைவுக்குள் போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, இன்னும் வளைகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பைக் போகலாம் போல இடம் இருக்கிறது. இரு, இரு. அது என்ன இவ்வளவு பெரிசு. கோலம் போடுகிற கண்ணுக்குப் புள்ளிக் கணக்கு தப்பாது, ஓரத்திலிருந்து ஓரம் மனசுக்குள் புள்ளி வைத்துப் பார்க்கிறேன், மறுபடியும் வைத்துப் பார்க்கிறேன். இதில் பாதி எட்டுக்குள், ஒரே ஒரு வளைவுக்குள், என் வாசலில் போட்ட எட்டு முழுசாக அடங்கிவிடும். அடிப் பாவி. இருபத்தொரு நாள் வீதிக்கு அளவெடுத்து எட்டு போட்டிருக்கிறாய், ஆர்.டி.ஓ.வுக்கு அளவெடுக்கவில்லை. நாச்சிமுத்து முதல் நாளே, ஏம்புள்ள, சின்னதா இருக்குதே என்று சொன்னார். நான்தான் உங்களுக்கு என்ன தெரியும், கோலம் போடற எனக்குத் தெரியாதா என்று வாயை அடைத்தேன். இரண்டு தடவை இந்த மைதானத்துக்கே வந்தும் இதைப் பார்க்கவில்லை, முதல் தடவை முன் டயரையே பார்த்துக்கொண்டு போனேன், இரண்டாவது தடவை கண்ணை மூடி மாரியம்மனை வேண்டிக்கொண்டே போனேன். சிரிப்பு வருகிறது. ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. சின்ன எட்டு கஷ்டம், அதனால் தோற்றேன், சரி. ஆனால் இந்தப் பெரிய எட்டிலும் இரண்டு தடவை ஊன்றினேனே, அதற்கு என்ன காரணம் சொல்வது. அப்போது ஓட்டவே தெரியாது என்று சொல்லலாம், இப்போது தெரியுமா. இவ்வளவு பெரிய இடத்தைக் கொடுத்தும் இன்றைக்கு ஊன்றினால் சாக்கே கிடையாது, சனி இல்லை, வீதி இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, நான்தான். அந்தச் சின்ன எட்டே மேல் போலிருக்கிறது, அதில் தோற்றால் எட்டின்மேல் பழி போடலாம். காம்பவுண்டுக்கு வெளியே டீக்கடையில் நாச்சிமுத்து நிற்பார், வர வேண்டாம் என்று சொன்னதற்குச் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்திருப்பார், எனக்குத் தெரியாதா. வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் ஒன்றும் கேட்கமாட்டார், டீ சொல்வார், அந்த டீயை எப்படிக் குடிப்பது. மறுபடியும் அந்த மிக்சியைத் துடைக்க வேண்டும். ஏழாம் நம்பர் உள்ளே போனது எப்போது, வெளியே வந்தது எப்போது, ஒன்றும் தெரியவில்லை. எட்டு என்று கூப்பிடுகிறார்கள். யாரது எட்டு. மண்டிக்காரர் முதுகில் மெதுவாகத் தட்டுகிறார். ஓ, நான்தான்.

கோடு கிட்டே வந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் பேனாவை ஆட்டுகிறார், போகலாம். கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கிறது, விரல் நுனி வெளுத்துவிட்டது, இப்படி இறுக்கினால் நரம்பு கிடைக்காது. ரத்தம் எடுக்கும்போது பேசுகிற பேச்சை என் வாய் அதுபாட்டுக்கு ஆரம்பிக்கிறது, பதிலும் நானே சொல்கிறேன். கையை இறுக்காதீங்க, லூசா விடுங்க. விட்டேன். காலைல என்ன சாப்பிட்டீங்க? ரெண்டு இட்லிங்க. தேங்காய்ச் சட்னியா? இல்லீங்க, கடலைச் சட்னி. முதல் வளைவுக்குள் வண்டி சாய்கிறது, வலது கால் அதுவாகத் துடிக்கிறது. ஒண்ணுமில்லீங்க, அங்க பாக்காதீங்க, என்னப் பாத்துப் பேசுங்க. வீட்டுல எத்தன பேரு? நானும் அவருமுங்க, மகன் ஓசூர்ல வேலையா இருக்கறான். நல்ல பையனா? நல்ல பையன்தானுங்க, போன்தான் பண்ணமாட்டான். எல்லாப் பசங்களும் அப்படித்தானுங்க. நடுக்கோடு தாண்டிப் போகிறது, வண்டி நிமிர்ந்து மறுபக்கம் சாய்கிறது, இதுதான் நான் விழுகிற இடம், ரெண்டு தடவையும் இதே இடம். எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கடித்தது. கால் பலகையிலேயே இருக்கிறது. குனிந்து பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிகிறது, ஊசி நரம்புக்குள் போய்விட்டால் விரலுக்குத் தெரியுமே, அப்படித் தெரிகிறது. இன்னும் கொஞ்சம்தானுங்க, கைய ஆட்டாதீங்க. வளைவு நீளமாக, தாராளமாக, அவசரமே இல்லாமல் வந்து திறக்கிறது. முடிஞ்சுதுங்க, பஞ்சை அழுத்திப் புடிச்சுக்கங்க என்று சொல்லிப் பிரேக்கை அழுத்தினேன். ஸ்கூட்டர் நின்றபிறகு இரண்டு காலையும் ஊன்றினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை, அவ்வளவு சந்தோஷத்துக்கு அதற்குள் இடம் போதவில்லை.

இன்ஸ்பெக்டர் மேசைக்கு வரச் சொன்னார். என் படிவத்தைப் புரட்டுகிறார், மூணாவது தடவையா என்கிறார், ஆமாங்க என்கிறேன். வெயிலுக்குச் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருக்கிறார், கையெழுத்துப் போடக் கையை நீட்டுகிறார். முழங்கை மடிப்பில் நீலமாக ஒரு காயம், நாவல்பழம் நசுக்கின மாதிரி, நாலு நாள் ஆகியிருக்கும். நல்ல நரம்பு, கண்ணுக்கே தெரிகிற நரம்பு, இதைப் போய் எந்தப் பாவி இப்படிக் குத்தியிருக்கிறான்.

“ரெண்டு தடவை குத்தியிருக்காங்களா சார்?” என்றேன்.

பேனா நின்றது. கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“மூணு தடவை. சர்க்கரைக்கு. நீங்க என்ன நர்ஸா?”

“ரத்தம் எடுக்கறவளுங்க சார். பத்தொன்பது வருஷமா.” சொல்லும்போது என் குரல் எனக்கே புதுசாக இருந்தது, ஆறு மாதமாயிற்றே அதைக் கேட்டு. “திரும்ப எப்பங்க எடுக்கச் சொல்லியிருக்காங்க?”

“திங்கக்கிழமை. போறதுக்கே பயமா இருக்குது.”

பாஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை என் பக்கம் தள்ளினார். அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன், அவர் கையைப் பிடித்து அந்த நீலத்தைக் கட்டைவிரலால் ஓரமாகத் தொட்டுப் பார்த்தேன். நரம்பு தெம்பாகத்தான் இருக்கிறது.

“நீங்க எங்கயும் போக வேண்டாம் சார், வீட்டுலயே இருங்க. திங்கக்கிழமை காலைல ஆறரைக்கு வந்தர்றேன். வெறும் வயித்துல இருங்க.”